போன்ல இருக்கு, சரி… வீட்டுல இருக்கா?

போன எபிசோடு கேட்டுட்டு ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "எல்லாப் படமும் போன்லயே இருக்கே, பிரிண்ட் எதுக்கு?"

ரெண்டு வருஷம் முன்னாடி என் போன் தண்ணியில விழுந்துச்சு. பேக்கப் கிடையாது. அப்பாவோட கடைசி தீபாவளிப் படங்கள் அதோட போச்சு. ஆனா அவரோட 1978 கல்யாண ஆல்பம் இன்னும் பீரோவுல இருக்கு. அதைத் திறக்க பாஸ்வேர்டு வேண்டாம்.

இணையத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் 2015-லயே எச்சரித்தார்: இன்றைய ஃபைல்களைத் திறக்க நாளைக்கு மென்பொருள் இல்லாமப் போகலாம், முக்கியமான படங்களை அச்சிட்டு வைங்கன்னு.

எல்லாத்தையும் போட வேண்டாம். வருஷத்துக்கு இருபது படம் போதும். வாட்ஸ்அப்ல வந்ததை அப்படியே கடையில கொடுக்காதீங்க, அது சுருங்கியிருக்கும். எடுத்தவங்ககிட்ட ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 பிக்சல் இருந்தா தெளிவா வரும். பேக்கப்பும் தனியா எடுத்து வைங்க.

கடைசியா ஒண்ணு. படத்துக்குப் பின்னாடி பேர், ஊர், வருஷம் எழுதுங்க. பேனாவை அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சில் நல்லது. அந்தக் கல்யாண ஆல்பத்துல அப்பா தோள்ல கை போட்டு ஒருத்தர் சிரிக்கிறார். அவர் யாருன்னு சொல்ல இப்ப எங்க வீட்டுல ஆளில்ல.