நைன் ஜெம்ஸ்: மதுவிலக்கு மெட்ராஸ்ல ஒரு நைட் கிளப்

நம்ம ஜெகதாப்பட்டினத்துல ராத்திரிப் பாட்டுன்னா படகுல ஓடுற பாட்டு, இல்லைன்னா திருவிழாக் கச்சேரி. நைட் கிளப்பைச் சினிமாவுலதான் பார்த்திருப்போம். வில்லன் ஒரு மூலையில சிகரெட் ஊதிக்கிட்டு இருப்பான், ஜிகினா உடுப்புல ஒரு பொண்ணு ஆடும், பாட்டு முடியுறதுக்குள்ள அடிதடி வந்துரும்.

நெசமான கிளப் ஒண்ணைப் பத்திச் சொல்றேன். பேரு நைன் ஜெம்ஸ்.

1964-ல மவுண்ட் ரோட்டுல சபையர் தியேட்டர் வந்துச்சு. சபையர், புளூ டைமண்ட், எமரால்டுன்னு ஒரே வளாகத்துல மூணு தியேட்டர். புளூ டைமண்ட்ல படம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், எப்ப வேணா டிக்கெட் வாங்கிட்டு உள்ள போகலாம். அந்த வளாகத்துக்குக் கீழ, அடித்தளத்துலதான் கிளப்.

ஒண்ண மறந்துறாதீங்க. அப்ப மெட்ராஸ்ல மதுவிலக்கு. 1971-லதான் கலைஞர் ஆட்சி அதைத் தளர்த்துச்சு. பெர்மிட் இல்லாதவன் ஒரு சொட்டு வாங்க முடியாத ஊர்ல நைட் கிளப்புக்குக் கூட்டம் வரணும்னா, மேடையில சரக்கு இருக்கணும்ல?

1969. பம்பாய்ல வளர்ந்த தமிழ்ப் பொண்ணு ஒருத்தி, உஷா ஐயர், அங்க மேடை ஏறுறாங்க. அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்துல, இந்தக் குரல் சரிப்படாதுன்னு பாட்டு வகுப்புலேர்ந்தே வெளிய அனுப்பப்பட்டவங்க! கனத்த, அடித்தொண்டைக் குரல். கட்டியிருந்தது சேலை, பாடினது இங்கிலீஷ் பாட்டு. சனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஒரு வாரம் இருந்து பாடுங்கன்னு முதலாளியே கேட்டுக்கிட்டாரு.

அங்கேருந்து பம்பாய், கல்கத்தா. கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டுல டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ்னு வரிசையா பாட்டுக் கச்சேரி நடந்த ஓட்டல்கள். டிரிங்காஸ்ல பாடும்போதுதான் ஜானி உதுப்பைச் சந்திச்சாங்க. உஷா ஐயர் உஷா உதுப் ஆனாங்க. பிறகு டெல்லி ஓபராய்ல பாடுறதைக் கேட்டுத்தான் தேவ் ஆனந்த் குழு இந்தி சினிமாவுக்குக் கூப்பிட்டுச்சு. தமிழ்லயும் பாடினாங்க, ‘அஞ்சலி’ படத்துல இளையராஜா இசையில அந்தக் குரலை நீங்க கேட்டிருப்பீங்க. 2024-ல பத்ம பூஷண்.

என்னைக் கேட்டா, அந்தச் சேலைதான் பெரிய வேலை பார்த்துச்சு. கிளப்புல பாடுற பொம்பளைன்னா இப்படித்தான்னு சினிமா வரைஞ்சு வச்ச படத்தை, வாதம் எதுவும் பண்ணாம, சும்மா வந்து நின்னு பாடியே அவங்க அழிச்சாங்க. குடும்பத்தோட உக்காந்து கேக்கலாம்னு ஆச்சு.

டிரிங்காஸ் இன்னைக்கும் நடக்குது, பாட்டும் உண்டு. நம்ம சபையர் 90-கள்ல மூடி, அப்புறம் இடிச்சாச்சு. அதோட நைன் ஜெம்ஸ் இருந்த இடமும் போச்சு. அந்தக் காலத்து மெட்ராஸ்ல கிடாரோ டிரம்ஸோ வாசிச்ச பெரியவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா, உடனே போய் உக்காருங்க, போனை ஆன் பண்ணி அவங்க பேசுறதைப் பதிவு பண்ணி வைங்க.