மலையாற்றின் பெருக்கை முன்னறிதல்

திருவனந்தபுரம் ஜில்லாவில் பொன்முடி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது வித்துரா. செம்முஞ்சி மொட்டையில் பிறக்கும் வாமனபுரம் ஆறு இவ்வட்டாரத்தின் வழியே இறங்குகிறது. கரமனை ஆற்றின் பேப்பாறை அணையும் அருகிலேயே உள்ளது. தலைநகரின் குடிநீருக்கு அதுவே ஆதாரம். இங்கு சரிவு செங்குத்து, ஆறோ குறுகியது. ஆதலால் மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் கீழ்நிலத்தை எட்டிவிடுகிறது. மதகைத் திறப்பதா, கரையோரத்து மக்களை இரவில் எழுப்புவதா என்று தீர்மானிக்கக் கிடைக்கும் அவகாசம் சொற்பமே.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கனமீட்டர் நீர் சேரும். அதில் எத்தனை பங்கு ஆற்றுக்கு வரும்? வறண்ட மண் முதல் மழையைக் குடித்துவிடும். ஊறிய மண் அதே மழையை வழியவிடும். 1932-இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியியலார் வகுத்த அலகு நீர்வரைவு முறை நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது. இப்பொழுது, பல்லாண்டு மழைக் குறிப்புகளையும் நீரோட்டக் குறிப்புகளையும் கணிப்பொறியிடம் தந்து, இரண்டிற்கும் உள்ள தொடர்பை அதுவே கண்டறியும்படி செய்கின்றனர். இதுவே இயந்திரக் கற்றல். இந்தியத் தீபகற்பத்தின் 228 நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் குறிப்புகள் இத்தகைய ஆய்வுக்கெனத் தொகுக்கப்பட்டு 2025-இல் வெளியாயின.

நாளை நொடிக்கு 200 கனமீட்டர் நீர் வரும் என்று ஒற்றை எண்ணைக் கூறுவது மதகுக் காவலருக்குப் போதாது. 120 முதல் 340 வரை வரலாம் என்று வீச்சையும் கூறினால்தான் அவர் துணிந்து செயற்பட முடியும். பத்தில் ஒன்பது தடவை மிஞ்சாத மேல் அளவைக் கணிப்பொறி கற்பதற்கு ஓர் உபாயம் உண்டு: குறைத்துச் சொன்ன பிழைக்கு, கூட்டிச் சொன்ன பிழையைப் போல் ஒன்பது மடங்கு தண்டனை விதிக்கின்றனர். பின்னர் பழைய வெள்ளங்களோடு ஒப்பிட்டு, அவ்வளவு உண்மையிலேயே பத்தில் ஒன்பது தடவை மிஞ்சப்படாதிருந்ததா என்று சோதிக்க வேண்டும். இச்சோதனையில் தேறாத வீச்சு வெறும் அலங்காரம்.

முடிவின் காரணத்தையும் கேட்பது நியாயமே. கூட்டாக ஈட்டிய ஆதாயத்தை ஆட்டக்காரர்களிடையே நேர்மையாகப் பங்கிட 1953-இல் ஷேப்லி என்ற கணித அறிஞர் ஒரு வழி வகுத்தார். அதே வழியில், முன்னறிவிப்பின் எப்பகுதி நேற்றைய மழையால் வந்தது, எப்பகுதி மண்ணின் ஈரத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டலாம். முதற்பருவ மழையிலேயே மண்ணீரத்துக்குப் பெரும்பங்கு காட்டப்பட்டால், கருவியையோ குறிப்பையோ சந்தேகிக்கலாம். ஆனால் இப்பங்கீடு கணிப்பொறி எதை நம்பியது என்பதைத்தான் காட்டும். இயற்கையின் காரணத்தை நிரூபிப்பதாகாது. இவ்வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மற்றொரு குறையும் உண்டு. முடிவு மரங்களைக் கொண்டு சராசரி காணும் காடுமுறை, தான் கற்ற மிகப் பெரிய வெள்ளத்துக்கு மேல் ஒருநாளும் சொல்லாது. 2018-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் வழக்கத்தைவிட 42 சதவீதம் அதிக மழை பெய்தது. அதற்கு முந்திய சிறு வெள்ளங்களை மட்டும் கற்ற காடு, அப்பெருக்கைக் குறைத்தே மதிப்பிடும்.

ஆகவே உச்சப் பெருக்கின் அளவே மிக அரியது. அளவுகோல் அடித்துச் செல்லப்படுவதும் அவ்வேளையில்தான். நீர் வடிந்தபின் பாலத்தூணிலும் சுவரிலும் படிந்திருக்கும் வண்டல் கோட்டின் உயரத்தை, மழை கழுவிவிடுமுன் அளந்து, நாளும் இடமும் குறித்து வைத்தால், விடுபட்ட அந்த உச்ச அளவைப் பின்னர் மதிப்பிட முடியும்.