மேரு ராயாவில் மீண்டும் ஓர் அடி

தாப்பாவில் நெடுஞ்சாலை ஏறி வடக்கே போனால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஈப்போ மேரு ராயா வந்துவிடும். அமான்ஜெயா பஸ் நிலையத்தால் பலருக்கும் தெரிந்த இடம். அங்கேதான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு ரோபோ துணையோடு பயிற்சி தரும் மறுவாழ்வு மையத்தை அமைத்திருக்கிறது. மலாக்காவில் 2014இல் திறந்த மையத்துக்கு அடுத்து வந்தது இது.

செம்பனைத் தோட்டமும் மோட்டார் சைக்கிளுமாகப் பிழைப்பு ஓடும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. விபத்தில் தண்டுவடத்தில் பலமாக அடிபட்டால் மூளை இடும் கட்டளை கால்வரை சரியாகப் போவதில்லை. ஆனால் நடைக்கான நரம்பு வலை இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கிறது. அடி அதற்கு மேலே பட்டிருந்தால் அது பெரும்பாலும் கெடாமலே கிடக்கும். பலருக்கு மேலிருந்து வரும் நரம்பிழைகளிலும் சில தப்பியிருக்கும். சிகிச்சையின் நம்பிக்கையெல்லாம் இந்த மிச்சத்தின் மேல்தான்.

ஜப்பானியப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' என்ற ரோபோ உடையைச் சொக்சோ இங்கே கொண்டுவந்தது. "காலைத் தூக்கு" என்று மனம் நினைக்கும்போது தோலில் எழும் மெல்லிய மின்குறிப்பை அது படித்து, அந்த நொடியே மோட்டாரால் காலைத் தூக்கிக் கொடுக்கும். நோயாளி முயன்றால்தான் அது அசையும். அதுதான் அதன் சிறப்பு.

எல்லா இயந்திரமும் அப்படியல்ல. காலைக் கட்டித் தானே நடத்திவிடும் ரோபோவில் தசை சும்மா இருந்துவிடும். இதற்கு மருந்தாக மின்தூண்டலைச் சேர்த்தார்கள் சுவிட்சர்லாந்தின் லோசான் விஞ்ஞானிகள். தண்டுவடத்தின் மேல் வைத்த மின்முனைகள், ரோபோவின் ஒவ்வொரு அசைவுக்கும் சரியான தசையைத் தட்டி எழுப்புகின்றன. ஐந்து பேரிடம் சோதித்த முடிவை 2025 மார்ச்சில் வெளியிட்டார்கள். அதே குழு 2023இல், மூளையின் எண்ணத்தைக் கம்பியில்லாமல் தண்டுவடத்துக்கு அனுப்பி, பல ஆண்டுகளுக்கு முன் தண்டுவடத்தில் அடிபட்ட ஒருவரை ஊன்றுகோலுடன் நடக்க வைத்தது. இதற்கெல்லாம் முன்னோடி, அமெரிக்காவின் லூயிவில்லில் மின்தூண்டலால் ஒரு இளைஞர் எழுந்து நின்ற செய்தி. அது வந்தது 2011இல்.

இப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சிகிச்சைக்காக நிலத்தை விற்கக் கிளம்பவேண்டாம். நடைக்கான இந்த உள்பொருத்து மின்முனைகள் இன்னும் ஆய்வு நிலையில்தான். 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த, தோலின் மேல் ஒட்டும் கருவியும் கைகளுக்குத்தான், நடைக்கல்ல. அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்கும் இயந்திரம் எங்கும் கிடையாது. நடை முழுதாகத் திரும்பாதவர்கள்கூட சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடு, படுக்கைப்புண் தடுப்பு, நாற்காலிக்கு மாறும் தெம்பு ஆகியவற்றில் பயிற்சியால் பெறுவது நிறைய; குடும்பங்கள் அதைக் கேட்டு வாங்குவதுதான் குறைவு.

வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் சொக்சோ காப்பில் சேரும். முதலாளி சந்தா கட்டுகிறாரா என்று சம்பளச் சீட்டை இந்த மாதமே பாருங்கள். வீட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால், தாமதிக்காமல் சொக்சோ அலுவலகத்தில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்.