பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

மேட்டூர் அணை திறப்பதற்குரிய வழக்கமான நாள் ஜூன் 12. அதன்பின் குறுவை உழவுக்குக் கிடைப்பவை சில வாரங்களே. வாடகை வண்டிக்குக் காத்திருந்து நாற்றை முற்றவிட்ட சிறு விவசாயிகள், பழைய டிராக்டர் வாங்கலாமா என நம்மிடம் வினவுவதுண்டு. வாங்கலாம், ஆயின் மேட்டு நிலத்து வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தல் போதாது.

விற்பவர் இஞ்சினை முன்னதாகவே சூடேற்றி வைத்திருப்பார். விடியலில் சென்று, குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். எனினும் நம் பகுதியில் முதலில் பார்க்க வேண்டுவது இஞ்சின் அன்று; பின்னச்சே. கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றில் உழுகையில், தேய்ந்த ஆயில் சீல் வழியே சேற்றுநீர் உட்புகும். மாஸி பெர்குஸன் 1035 போன்ற வண்டிகளில் கியருக்கும் பின்னச்சுக்கும் ஹைடிராலிக்குக்கும் ஒரே எண்ணெய். அதன் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால், பேரிங்கும் கலப்பையைத் தூக்கும் பம்பும் பழுதுற்றிருக்கக்கூடும். சீலின் விலை சொற்பம். பிரித்துப் பூட்டும் கூலியே பெரிது. மெக்கானிக் கூறும் செலவைக் கழித்த பின்னரே விலை பேசுக. கைப்பணம் குறைவெனில் சீலும் பிரேக்கும் முதலில். வண்ணப்பூச்சு வேண்டவே வேண்டாம்.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீங்காதிருப்பின், வங்கியின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் படிவமும் பெறாது முன்பணம் கொடுத்தலாகாது. விற்றவர் தீர்க்காத கடனுக்கு, வாங்கியவர் நடவு நாளில் வண்டியை இழக்க நேரும்.

தாளடி அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையே வாங்குவதற்கு ஏற்ற காலம். பட்டறைக்காரருக்கும் அப்போது ஓய்வுண்டு. இரண்டொரு ஏக்கர் மட்டும் உடையோர்க்கு, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரே சிக்கனம்.