அடிப்பாரமும் துறைமுகச் சட்டமும்

கடலோடும் கலத்துக்குச் சரக்கு இல்லாமற் போகலாம். எடை இல்லாமற் போகலாகாது. சரக்கை இறக்கி வெறுமையாகத் திரும்பும் பாய்க்கப்பல் நீரில் உயர்ந்து மிதக்கும்; பக்கக்காற்று வலுத்தால் கவிழ்ந்துவிடும். ஆதலின் மணல், சரளை, கல் ஆகியவற்றை அதன் அடித்தளத்தில் நிரப்புவர். 'பாலஸ்ட்' என வழங்கும் இதனை நாம் அடிப்பாரம் எனலாம். மண்ணுக்கும் கல்லுக்கும் துறைமுகங்கள் கட்டணம் விதித்தது ஏன் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில் நகரம் நிலக்கரி ஏற்றுமதியால் செழித்தது. இலண்டனில் கரியை இறக்கிய கப்பல்கள் அடிப்பாரத்துடன் திரும்பின. மீண்டும் கரி ஏற்றுமுன் அப்பாரத்தை எங்கேனும் கொட்டியாக வேண்டும். ஆற்றில் கொட்டினால் கப்பலுக்குச் செலவில்லை. ஆனால் ஆறு தூர்ந்துபோகும். ஒருவருக்கு மிச்சமாகும் காசு துறை முழுமைக்கும் கேடாகும். எனவே நகராட்சி கரையில் மேடைகள் அமைத்து, அங்கே இறக்கச் செய்து, கட்டணமும் பெற்றது. அவ்வாறு குவிந்த மண் குன்றுகளாயிற்று. 'அடிப்பாரக் குன்றுகள்' என்று பொருள்படும் இடப்பெயர் அதற்குச் சான்று.

இலண்டனின் நிலை இதற்கு மறுதலையானது. அங்கே கப்பல்கள் அடிப்பாரத்தை ஏற்ற வேண்டியிருந்தது. 1594இல் முதலாம் எலிசபெத் அரசியார் தேம்சு ஆற்றில் அடிப்பாரம் வழங்கும் உரிமையை டிரினிட்டி இல்லம் என்னும் மாலுமியர் அமைப்புக்கு அளித்தார். ஆற்றடிச் சரளையை அள்ளிக் கப்பல்களுக்கு விற்றதால் ஆறும் ஆழமாயிற்று. அமைப்புக்கு வருவாயும் கிட்டியது.

ஆயினும் சரளையைக் கப்பலில் வாரியிட்ட தொழிலாளரின் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி மேஹ்யூ என்னும் இதழாளர் அவர்களிடம் கேட்டு எழுதியவற்றால் இதனை அறிகிறோம். மதுக்கடைக்காரர் வாயிலாகவே வேலை கிடைத்தது, குடிக்காதவனுக்கு வேலையில்லை. உழைத்த கூலி வீடு சேருமுன் கடையிலேயே கரைந்தது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை வேலைக்கமர்த்தும் பொறுப்பை டிரினிட்டி இல்லத்திடம் ஒப்படைத்த பின்னரே அத்தளை தளர்ந்தது.

நம் நாட்டில் 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டமும் இப்பொருளைக் கருதியது. துறைமுகத்தில் அடிப்பாரத்தை எறிவதை அது தடுத்தது. சரக்கும் பயணியரும் இன்றி அடிப்பாரத்துடன் மட்டும் நுழையும் கப்பலுக்கு வழக்கமான துறைமுகத் தீர்வையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விதித்தலாகாது என்றும் வரையறுத்தது. ஊதியமின்றி வருபவனிடம் முழுத் தீர்வை கேளாமை நேர்மையே அன்றோ? அச்சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

1852இல் கட்டப்பட்ட 'ஜான் போவ்ஸ்' போன்ற நீராவிக் கப்பல்கள் மண்ணுக்கு மாற்றாக நீரையே அடிப்பாரமாகக் கொண்டன. மண்மேடு மறைந்தது, ஆனால் அந்நீரோடு ஒரு கடலின் உயிரினங்கள் மற்றொரு கடலைச் சென்று கெடுக்கலாயின. 2004இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை இதனைக் கட்டுப்படுத்துகிறது. பாரம் மாறினும் சட்டத்தின் கேள்வி மாறவில்லை: தன் கலத்தைக் காப்பவன் பிறர் துறையைக் கெடுக்கலாமா? கட்டணமும் தடையும் அக்கேள்விக்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளே எனலாம்.