சிவஞான சித்தியார் – பரபக்கம்

சிவஞான சித்தியார் 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூல். மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்திற்கு வழிநூலாகிய இது பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். மாணவர் பலரும் சுபக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். பரபக்கத்தைப் படியாமல் விடுவது பேரிழப்பு.

பரபக்கத்தில் பதினான்கு கொள்கைகள் ஆராயப்படுகின்றன. உலகாயதம் முதலில் வருகிறது. பௌத்தம் நான்கு பிரிவாக இடம்பெறுகிறது. சமணம், ஆசீவகம், மீமாஞ்சை, மாயாவாதம், நிரீச்சுர சாங்கியம், பாஞ்சராத்திரம் முதலியவையும் உண்டு. ஒவ்வொன்றும் முதலில் எதிராளியின் வாய்மொழியாகவே வலுவுடன் சொல்லப்படும்; மறுப்பு அதன் பின்னரே. ஆசீவகரின் சொந்த நூல்கள் அழிந்துவிட்டதால், மணிமேகலை, நீலகேசி ஆகியவற்றோடு இந்நூலும் அவர்களைப் பற்றிய தமிழ்ச் சான்றாகிறது. ஆனால் இது ஆசீவகரைச் சமணருள் ஒரு பிரிவாகவே காட்டுவதால் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும்.

பௌத்தருக்கு இவ்வளவு இடம் ஏன்? காவிரிப் படுகையில் பௌத்தம் அப்போது ஏட்டுச் செய்தி அன்று. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அங்கு 1856 முதல் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேல். அவற்றுள் சில அருணந்தியாரின் காலத்திற்கும் பிற்பட்டவை.

உலகாயதரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அன்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, சேரும்போது தோன்றுகிறது. அதுபோல் பூதங்கள் கூடினால் அறிவு தோன்றும், உயிர் என வேறொன்று வேண்டாம் என்பது அவர்கள் கூற்று. கும்பகோணத்து வெற்றிலையை அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. சைவர் விடை இரண்டு: பூதங்கள் சடம், அவற்றைக் கூட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும், பிணத்தில் உடல் இருந்தும் அறிவு இல்லை, ஆகவே அறிவது உடலின் வேறு.

நம்பிக்கையைத் தருக்கத்தால் காக்கும் இம்முயற்சி தமிழகத்திற்கு மட்டும் உரியது அன்று. யூத அறிஞர் சாதியா காவோன் 933-இல் அரபு மொழியில் எழுதிய நூலும், பல பகுதிகள் கூடி அமைந்த உலகிற்கு ஆக்கியோன் வேண்டும் என்று வாதிடுகிறது. பின்னர் மைமோனிடசு (1138–1204) கற்றவர்க்கு நேரும் ஐயங்களைத் தீர்க்கவே தனிநூல் செய்தார். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாதியாவுக்கு உலகம் இன்மையிலிருந்து படைக்கப்பட்டது. சித்தாந்தத்திலோ இல்லது தோன்றாது. குடத்திற்கு மண் போல உலகிற்கு மாயை முதற்காரணம், திரிகை போல சத்தி துணைக்காரணம், குயவன் போல இறைவன் நிமித்த காரணம்.

இந்த வாதமரபு பிற்காலத்தில் தஞ்சைப் பகுதித் திருமடங்களில் தொடர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் (மறைவு 1785) சுபக்கத்திற்குப் பொழிப்புரை வரைந்தார். அப்போது சண்டை பௌத்தரோடு அன்று, சைவ உரையாசிரியர்களுக்குள்ளேயே. ‘எடுத்து’ என்ற ஒரு சொல்லின் பொருளுக்காக அவர் தனி மறுப்புநூலே எழுதினார். அதன் பெயர் ‘வைரக்குப்பாயம்’, அதாவது வைரத்தால் ஆன சட்டை.