லக்கி டூபே: தன் சனத்தைப் பார்த்துப் பாடியவர்

றெகே என்றவுடன் எங்களில் பலருக்கு பொப் மார்லியின் முகம் போட்ட ரீசேட்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது தென்னாபிரிக்காவின் லக்கி டூபேயைப் பற்றி.

1964 இல் எர்மெலோவில் பிறந்த அவரை வளர்த்தது பாட்டி. முதலில் பாடியது றெகே அல்ல, ம்பகாங்கா. துள்ளும் கிற்றார், வேகமான தாளம், சூலு மொழி, ஆடுவதற்கான இசை. இசைத்தட்டுகளும் விற்றுக்கொண்டிருந்தன. அந்த நிலையில்தான் 1984 இல் ‘ராஸ்தாஸ் நெவர் டை’ என்ற றெகே தட்டை வெளியிட்டார். விற்பனை சில ஆயிரத்தோடு நின்றுபோனது. நிறவெறி அரசு அதைத் தடையும் செய்தது. ஆனால் மேடைகளில் அந்தப் பாடல்களை அவர் விடவில்லை. சனம் விரும்பிக் கேட்டது. 1985 இல் வந்த ‘திங்க் எபவுட் த சில்ட்ரன்’ பிளாட்டினம் அளவுக்கு விற்றது.

றெகேயில் கிற்றார் அடி தாளத்துக்கு இடையில் விழும். பாட்டைக் கொண்டு நடப்பது பேஸ் கிற்றார். வேகம் குறைவென்பதால் சொல்லுக்கு இடம் கிடைக்கும். டூபேக்கு அதுதான் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் பாடியதால் நாட்டுக்கு வெளியிலும் விளங்கியது. பழைய இசையை அவர் முழுதாகக் கைவிடவும் இல்லை. பின்னால் சேர்ந்து பாடும் பெண்குரல்களைக் கேளுங்கள், ம்பகாங்கா அங்கே இருக்கிறது.

‘ஸ்லேவ்’ (1987) என்ற தலைப்பைப் பார்த்து அரசியல் பாட்டென்று நினைப்போம். அது மதுவுக்கு அடிமையான ஒருவனின் புலம்பல். ‘பிரிசனர்’ (1989) பள்ளிக்கூடங்களை விட்டுச் சிறைகளைக் கட்டுவதைப் பற்றியது.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது 1993 இல் வந்த ‘விக்டிம்ஸ்’. மண்டேலா விடுதலையாகிப் பேச்சுவார்த்தை நடந்த காலம் அது. ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ், இன்காதா ஆதரவாளர்களுக்கு இடையிலான மோதல்களில் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அரசைத் திட்டிப் பாடியிருந்தால் கைதட்டல் நிச்சயம். டூபேயோ கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவரே கொல்வதைப் பாடினார். சகோதரப் படுகொலை என்ற சொல்லை அறிந்த எங்களுக்கு, அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

1999 இல் வந்த ஒரு பாட்டில் பட்டப்பகலில் கார் பறிபோகும் பயத்தையும் பாடினார். 2007 ஒக்டோபர் 18 இரவு, ஜொகன்னஸ்பேர்க்கின் றோசெட்டன்வில்லில் பிள்ளைகளை இறக்கிவிடப் போன இடத்தில், கார் பறிக்க வந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 43. மூவருக்கு 2009 இல் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது.